பொம்மை வீட்டுக்குத் தண்ணீர் காட்டினேன்

தம்பி,

நீ கேட்ட கேள்விக்குப் பதில் இந்தக் கடிதத்தின் கடைசியில் இருக்கிறது. உன் அம்மா தொடர்கதையைக் கடைசி வரியிலிருந்து படிப்பாளே, அப்படிப் படிக்காதே. முதலிலிருந்து வா. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் பேசினால் நாலாவது வாக்கியத்தில் நான் கத்த ஆரம்பித்துவிடுவேன், நீ "சரிங்கப்பா, சரிங்கப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். உனக்கு மீசை முளைத்த நாளிலிருந்து நமக்குள் அப்படித்தான் நடக்கிறது. காகிதத்தில் நான் கத்த முடியாது, நீயும் பாதியில் வைத்துவிட முடியாது. அதனால்தான் உன் அம்மாவை அனுப்பி ஒரு நோட்டும் பேனாவும் வாங்கி வரச் சொல்லி உட்கார்ந்திருக்கிறேன்.

நடந்ததை நடந்தபடி முதலில் எழுதிவிடுகிறேன். பிற்பாடு "நீங்க அப்பிடிச் சொல்லவே இல்லையே" என்று நாம் மல்லுக்கு நிற்க வேண்டாம். மாசி மாதம் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் வாழைப்பழத் தோலை மிதித்து விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டேன். நாற்பது வருஷம் சாரத்தின் மேல் நின்று வீடு கட்டிய மேஸ்திரி தரையில் விழுந்தான் என்று நம் ஊர் கடத்தூரே சிரித்தது. மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தவனைப் பார்க்க வந்த நீ, ஆரஞ்சை உரித்துக் கையில் கொடுத்துக்கொண்டே சொன்னாய்: "அப்பா, கல்யாணத்துக்கு அப்பறம் நாங்க ஓசூர்லயே வாடகைக்கு ஒரு வூடு பாத்து இருந்துக்கறோம். ரெண்டு பேருக்கும் கம்பெனி அங்கதான இருக்குது."  மாடியில் உனக்கென்று இரண்டு வருஷமாகக் கட்டிய வீடு. ஊரார் வேலை இல்லாத நாளெல்லாம் நானே கரண்டி பிடித்துப் பூசிய வீடு. உன்னைக் கேட்காமல் டைல்ஸ் எடுத்து, உன்னைக் கேட்காமல் சமையல் மேடை போட்டு, உன் கட்டில் எந்தச் சுவரோரம் வர வேண்டும் என்று பார்த்து சுவிட்சு கூட நானே வைத்த வீடு. நான் சொன்னது இதுதான், ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதுகிறேன்: "மேல் வூட்டுல குடியிருக்கறதா இருந்தா கல்யாணத்துக்கு வர்றேன். இல்லைன்னா அப்பன் செத்துட்டான்னு நெனச்சுத் தாலி கட்டிக்க." நீ மீதி ஆரஞ்சை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டாய். வைகாசியில் முகூர்த்தம். இப்போது அம்மாவிடம் கேட்டு அனுப்பியிருக்கிறாய், "அப்பா வருவாரா மாட்டாரா, ஒரே ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லும்மா" என்று. அதுதானே கேள்வி?

நீ போன நாலாம் நாள் ஒரு பொட்டி வந்தது. சண்டைக்கு முன்னாலேயே நீயும் நீ கட்டிக்கொள்ளப் போகிற பவித்ராவும் எனக்கென்று ஆர்டர் போட்டிருந்தீர்களாம். மேலே படம் போட்டிருந்தது: மரத்தில் செய்த பொம்மை வீடு, இரண்டு மாடி, படிக்கட்டு, பால்கனி. துண்டு துண்டாக வரும், நாமே ஒட்டிக் கட்ட வேண்டும். எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல். மாரண்டஹள்ளி, பாலக்கோடு வரைக்கும் போய் வீடு கட்டிக் கொடுத்தவனுக்குச் சொப்புச் சாமானா? ஒரு வாரம் அதைத் தொடவில்லை. கட்டிலுக்கு அடியில் காலால், நல்ல காலால்தான், தள்ளிவிட்டேன். உன் அம்மா ஒரு நாள் அதை இழுத்து என் மடியிலேயே வைத்தாள். "அவன் மேல கோவம்னா பொட்டி மேல என்னங்க கோவம்? சும்மா கெடந்துக்கிட்டு என்னைய வையறதுக்கு இதையாவது கட்டித் தொலைங்க" என்றாள். அவள் கஷ்டம் அவளுக்கு. கால் உடைந்த ஆம்பிளையோடு வீட்டில் இருப்பது எப்படி என்று அவளைக் கேட்டால்தான் தெரியும்.

திறந்தேன். மெல்லிய பிளைவுட் பலகைகள், அதில் வெட்டி வைத்த துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். கூடவே படம் படமாக ஒரு தாள். தாளை எடுத்து உன் அம்மாவிடம் கொடுத்து, "எண்ணெய்ப் பலகாரத்துக்கு அடியில போட்டுக்க" என்றேன். இன்ஜினியர் போட்ட பிளானிலேயே தப்புக் கண்டுபிடித்தவன் நான், எனக்குப் படம் எதற்கு? அடித்தளத்தை வைத்தேன், சுவரை நிறுத்தினேன், பசையைப் பூச்சுக் கலவைபோல் அள்ளி அப்பினேன். ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன், குண்டு சுவரை விடப் பெரிதாக இருந்தது. ஆனால் சுவர் ஒரு நூல் கூடச் சாயவில்லை, அதை இன்றைக்கும் மார்தட்டிச் சொல்வேன். நாலு சுவரும் நிறுத்தி, மேல் தளமும் போட்டு, கூரையையும் ஒட்டி, பொழுது சாயும் முன்னே முடித்துவிட்டேன். அம்மா தன் பங்குக்கு வாசலில் மஞ்சள் குங்குமம் வைத்தாள். திருஷ்டிக்கு ஒரு மிளகாயையும் கட்டித் தொங்கவிட்டாள். மிளகாய் முக்கால்வாசிக் கதவை மறைத்தது.

அடுத்து என்ன நடந்தது என்பதைப் பவித்ரா உன்னிடம் சொல்லியிருப்பாள். இருந்தாலும் என் வாயால் சொன்னால்தான் நியாயம். பங்குனி வெயில் உனக்குத் தெரியும். மறுநாள் மத்தியானத்துக்குள் பசை காய்ந்து இரண்டு மூலையில் மயிரிழை போல விரிசல் விட்டது. சிமெண்டு வேலையில் விரிசல் விட்டால் ஒரே காரணம்தான்: தண்ணீர் போதவில்லை. கான்கிரீட் போட்டால் மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவோம், சுவர் பூசினால் சாக்கை நனைத்துப் போர்த்துவோம். தண்ணி காட்டறது என்போம். தண்ணீர் குடிக்கக் குடிக்கத்தான் வீடு கெட்டியாகும், எத்தனை சித்தாளைத் தண்ணீர் ஊற்றவில்லை என்று திட்டியிருப்பேன்! நான் யோசிக்கவே இல்லை தம்பி. கை தானாகப் போனது. ஒரு கோணிச் சாக்கை வாளியில் முக்கி, சொட்டச் சொட்ட எடுத்து, பொம்மை வீட்டின் மேல் போர்த்தி, மேலே இன்னும் ஒரு சொம்புத் தண்ணீரும் ஊற்றிவிட்டு நிம்மதியாகப் படுத்துக்கொண்டேன்.

காலையில் அம்மாதான் சாக்கைத் தூக்கிப் பார்த்தாள். பார்த்தவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். "ஏங்க, வூடு மாசமா இருக்குதுங்க" என்றாள். எட்டிப் பார்த்தேன். முன் சுவர் அப்படித்தான் உப்பியிருந்தது. தளம் வளைந்து, கூரை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, படிக்கட்டு வைக்க வேண்டிய இடத்தில் விரல் கூட நுழையவில்லை. படிக்கட்டு வெளியே கிடந்தது, அதைச் சுவர் எழுப்பும் முன்பே உள்ளே வைத்திருக்க வேண்டுமாம். அம்மா பலகாரச் சட்டிக்கு அடியிலிருந்து தாளை எடுத்து வந்து காட்டினாள். முதல் படமே ஒரு தண்ணீர்ச் சொட்டு, அதன் மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. படிக்கத் தெரியாதவனுக்கும் புரியும். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. ஒரு பிடி மரத்தை ஜெயிக்க முடியாத மேஸ்திரி என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது.

அந்த நேரம் பார்த்துப் பவித்ரா அம்மாவுக்குப் போன் பண்ணினாள். உன் அம்மாவுக்கு ரகசியம் வயிற்றில் தங்குமா? "உங்க மாமா பொம்மை வூட்டுக்குத் தண்ணி ஊத்திட்டாரும்மா" என்று ஸ்பீக்கரில் போட்டே சொல்லிவிட்டாள்.  அந்தப் பக்கம் அந்தப் பெண் சிரித்தாள் பார், மாரண்டஹள்ளி மண்டியில் அவள் அப்பா தக்காளி ஏலம் விடும் குரல்தான் அவளுக்கும். அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை, நானும் சிரித்துவிட்டேன். நீ ஆரஞ்சு உரித்த நாளிலிருந்து நான் சிரித்தது அன்றைக்குத்தான். "மாமா, மேல் வூட்டப் பத்தி நான் ஒண்ணுமே கேக்கல, பொம்மை வூட்டப் பத்தி மட்டும் பேசலாமா?" என்றாள். "நான் மொதல் தடவை கட்டறப்ப கதவைத் தலைகீழா ஒட்டிட்டேன் மாமா. புதுசாக் கட்டறவங்க எல்லாருக்கும் ஏதாவது ஒண்ணு ஆவும். பிரிச்சுடுங்க. அடுத்த தடவை பசை போடாம ஒருக்கா எல்லாத்தையும் சும்மா பொருத்திப் பாருங்க. பொருந்துதான்னு தெரிஞ்சப்பறம் பசை." இவளைத்தான் இத்தனை நாளாக நான் மனசுக்குள், என் மகனை ஓசூருக்கு இழுத்துக்கொண்டு போகிறவள் என்று வைதுகொண்டிருந்தேன். அவளிடம் அதைச் சொல்லாதே, நானே சொல்லிக்கொள்கிறேன்.

பிரிக்கத் தெரியாமல் கரீம் பாயைக் கூப்பிட்டு அனுப்பினேன். தச்சுக்காரர் கரீம் பாயை உனக்குத் தெரியும். முப்பது வருஷமாக ஒவ்வொரு வீட்டு வாசக்காலிலும் எனக்கும் அவருக்கும் சண்டை. சுவர் கோணல் என்பார் அவர், நிலைதான் கோணல் என்பேன் நான். வந்தவர் பொம்மை வீட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை, அதுவே பெரிய மரியாதை. "மேஸ்திரி, கல்லுக்கும் சிமெண்டுக்கும் நீங்க தண்ணி காட்டுனீங்க, சரி. மரத்துக்கு எதுக்குங்க தண்ணி, அது ஏற்கெனவே குடிச்சு முடிச்சதுங்க. அதுக்குக் காத்து காட்டணும், நெழல்ல வெச்சுட்டு நாம அந்தாண்ட போயிடணும்" என்றார். இன்னும் ஈரம் காயாததால் மெல்லிய உளியால் மூட்டுகளை நெம்பிப் பிரித்தார். துண்டுகளை இரண்டு தட்டைப் பலகைக்கு நடுவே அடுக்கி மேலே ஒரு கல் வைத்தார். "நாலு நாளைக்கு இதைத் தொட்டீங்கன்னா எனக்குச் சொல்லி அனுப்பாதீங்க" என்று சொல்லிவிட்டு, அம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

அந்த நாலு நாள் சும்மா இருந்தது, கால் உடைந்ததை விடக் கஷ்டம். அப்போதுதான் உன்னை நினைத்துக்கொண்டேன். நீ பத்தாவது பரீட்சை எழுதினாய். நான் வேலைக்குப் போகாமல் பள்ளிக்கூட வாசலில் நின்றேன். தினம் இரண்டு இளநீர், ஒரு செம்பு மோர், குளுக்கோஸ் தண்ணீர், உள்ளே போகும் முன் எல்லாவற்றையும் குடிக்க வைத்தேன். கணக்குப் பரீட்சையன்று நீ மூன்று தடவை எழுந்து வெளியே ஓடினாய் என்று உன் வாத்தியார் சொன்னார். கடைசிக் கேள்விக்கு நேரமில்லை. வீட்டுக்கு வந்து நீ அழுதபோது, "நாளைக்குத் தெம்பா எழுதுவ" என்று இன்னொரு இளநீர் வெட்டினேன். அதை இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனால் அன்றைக்கு நீ அதையும் குடித்தாய், அதுதான் மனசைக் குடைகிறது.

இன்னொன்றும் இருக்கிறது, அது சிரிப்பு இல்லை. ஓசூரில் வேலை கிடைத்து நீ மூன்று பேரோடு ரூம் எடுத்தாய். பார்க்க வந்த நான் உள்ளே வந்து உட்காரக் கூட இல்லை, ஜன்னலுக்குக் கீழே பூச்சு உதிர்ந்திருப்பதைப் பார்த்துவிட்டேன். வீட்டுக்காரரைப் பிடித்துச் சத்தம் போட்டு, கடையில் சிமெண்டு வாங்கி, உன் குளிக்கிற பக்கெட்டில் கலவை போட்டு, உன் ரூமில் இருந்த பையன்களைத் தண்ணீர் எடுத்துத் தரச் சொல்லி, மத்தியானம் வரை பூசினேன். "உங்கப்பா செம" என்று அவர்கள் உன்னிடம் சொன்னார்கள். நீ சிரித்தாய். நான் சாயங்காலம் பஸ் ஏறும்போது, "அடுத்த தடவை வர்றப்ப முன்னாடியே சொல்லுங்கப்பா" என்று மட்டும் சொன்னாய். அந்த வாக்கியத்துக்குள் என்ன இருந்தது என்று எனக்கு அன்று புரியவில்லை. என்னை எங்கேயாவது கூட்டிப்போக நீ அன்று லீவு போட்டிருந்தாய் என்பதையே உன் அம்மா சொல்லிப் போன மாதம்தான் தெரிந்துகொண்டேன். மன்னித்துவிடு என்று எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதிவிட்டேன். நீ உப்பிப் போகாமல் நிமிர்ந்து நின்றாயே, அது என் சாமர்த்தியம் இல்லை.

ஐந்தாம் நாள் கல்லை எடுத்தேன். முக்கால்வாசித் துண்டு நேராகியிருந்தது. முன் சுவர் மட்டும் கொஞ்சம் வயிறு தள்ளியே இருக்கிறது, இனி அது அப்படித்தான். இந்தத் தடவை தாளின் முதல் படத்திலிருந்து ஆரம்பித்தேன். ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்தேன். உள்ளே அடிக்க வேண்டிய பெயிண்டைச் சுவர் நிறுத்தும் முன்பே அடித்தேன். நாற்பது வருஷமாக நான் கடைசியில் செய்த வேலை இங்கே முதல் வேலை. பசையைப் பல்குத்தும் குச்சி நுனியில் தொட்டு வைத்தேன், வழிந்ததைத் துணியால் துடைத்தேன். ரப்பர் பேண்டு போட்டுப் பிடித்துவிட்டுக் கையை எடுத்துவிட்டேன். கல்யாணம் பண்ணப் போகிறவனுக்கு அப்பன் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கேட்டுக்கொள். பசை அதிகமானால் பலம் அதிகமாகும் என்று நினைக்காதே, நான் அப்படி நினைத்துத்தான் எல்லாம் வழிந்தது. உனக்கும் பவித்ராவுக்கும் ஒரு விஷயம் பொருந்தவில்லை என்றால் அழுத்தாதே. அழுத்தினால் உடையும், இல்லாவிட்டால் பொருந்தின மாதிரி நடிக்கும். கொஞ்சம் தேய்த்துவிட்டு மறுபடி வைத்துப் பார். அவள் மாரண்டஹள்ளியில் கன்னடம் பேசுகிற வீட்டில் வளர்ந்தவள், நம் வீட்டுக் காரம் அவளுக்குத் தாங்காது. அவள் குழம்பில் வெல்லம் போட்டால் முகத்தைச் சுளிக்காமல் சாப்பிடு. நான் உன் அம்மாவின் ரசத்தைக் குறை சொன்னது பன்னிரண்டு வருஷம். பிறகு அவள் ரசம் வைப்பதையே நிறுத்திவிட்டாள். நஷ்டம் யாருக்கு என்று உனக்கே தெரியும். இதையெல்லாம் நான் தெரிந்துதான் சொல்கிறேன், கேட்டால் கெட்டுப் போக மாட்டாய்.

பொம்மை வீடு முடிந்துவிட்டது. கூரையை ஒட்டவில்லை, தூக்கி வைக்கிற மாதிரி விடச் சொல்லித் தாளில் போட்டிருந்தது. அம்மா அதை டிவிக்குப் பக்கத்தில் வைத்து, வருகிறவர்களிடமெல்லாம் முன் சுவரைக் காட்டித்தான் கதையை ஆரம்பிக்கிறாள். நான் கண்டுகொள்வதில்லை.

மாவுக்கட்டுப் பிரித்த அன்று மேல் வீட்டுக்கு ஏறிப் பார்த்தேன். நல்ல வீடு தம்பி. நான் கட்டியதிலேயே நல்ல வீடு. நடுவில் நின்று பார்த்தபோதுதான், நீங்கள் இருவரும் கை வைக்க அதில் ஒரு மூலை கூட நான் மிச்சம் வைக்கவில்லை என்று தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்க ஆளில்லாததால் அழுதேன். கீழே இறங்கி வந்து அம்மாவிடம், "மேல் வூட்டை வாடகைக்கு விட்டுடலாமா?" என்றேன். அவள் என் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு, "நெசமாத்தான் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டு, நான் மனசு மாறும் முன்னே அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். நீ எப்போது வந்தாலும் தங்கக் கீழ் வீடு இருக்கிறது. உனக்கு இடமில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. உன்னைக் கட்டிப்போட என்னிடம் வீடு இல்லை என்றுதான் அர்த்தம்.

வத்தல்மலையில் பிறந்த ஒரு பெண், இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ், அவளும் அவள் வீட்டுக்காரரும் குடி வந்திருக்கிறார்கள். போன வியாழக்கிழமை காலையில் பால் காய்ச்சினார்கள். நான் கீழே உட்கார்ந்திருந்தேன். மேலே டொக்கு டொக்கு என்று சத்தம். ஆணி அடிக்கிறார்கள், நான் பூசிய சுவரில்! உன் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. ஏழு ஆணி எண்ணினேன். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண் இறங்கி வந்து, "ஐயா, அம்மா, பால் காய்ச்சிட்டமுங்க, மேல வாங்க" என்று கூப்பிட்டாள். போனோம். நான் மேடையில் அடுப்புக்கென்று விட்ட இடத்தில் தண்ணீர்க் குடம் இருந்தது, அடுப்பு எதிர் மூலையில் இருந்தது. வாய் வரைக்கும் வந்துவிட்டது. டம்ளரில் இருந்த பாலைக் குடித்தேன். "நல்லா இருக்குதும்மா" என்றேன். அந்தப் பெண்ணுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஒரு வார்த்தைக்கு இவ்வளவு மலருமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. உனக்கு இதை எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று யோசித்துக்கொண்டே படி இறங்கினேன்.

இனி உன் கேள்வி. ஏண்டா, என் மகன் கல்யாணத்துக்கு வருவேனா என்று என்னையே கேட்கிறாயா? முதல் நாள் மண்டபத்துக் கதவைத் திறக்கிறவனே நான்தான். அன்றைக்கு நான் சொன்னது தப்பு, அதைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். கல்யாணத்துக்கு என்னை யாரும் கூப்பிட வேண்டியதில்லை. ஆனால் ஓசூர் வீட்டுக்கு நானாக வர மாட்டேன். சாமானை உங்கள் இஷ்டம் போல அடுக்குங்கள், ஆணி அடியுங்கள், அடுப்பை எங்கே வேண்டுமோ அங்கே வையுங்கள். எல்லாம் முடிந்து, அப்பா வந்தால் நன்றாக இருக்கும் என்று உங்களுக்கே தோன்றுகிற ஒரு நாளில், நீயோ பவித்ராவோ ஒரு போன் பண்ணுங்கள். அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவேன்.

அப்பா